தவநாயகியின் ஆட்டத் துணை

தவநாயகி இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள், அவருடைய தம்பி கணேசலிங்கம் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த அக்காவின் வீட்டில் தனியாக இருந்து அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அப்போது வாசற்கதவில் யாரோ திறப்புப் போட்டுத் திருப்புகிற சத்தம் கேட்டது. அக்காவின் திறப்பு அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. மற்றது ஹவுன்ஸ்லோவில், தன் வீட்டில், மனைவி மயூராவிடம். மூன்றாவது ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு நெடிய, நரைத்த மனிதர் ஒருவர் வந்தார். சப்பாத்தைப் பாயில் நன்றாகத் துடைத்துவிட்டு, பழகிய வீட்டில் நடப்பதுபோல நேரே குசினிக்குள், அடுப்புப் பக்கம் போனார்.

"ஆர் நீங்கள்?"

அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க சார். வீட்ல யாரும் இல்லன்னு நினைச்சேன். என் பேரு பத்ரிநாராயணன். பக்கத்துத் தெருதான். அவங்க கூட ஸ்காட்டிஷ் டான்ஸ் ஆடுறவன்."

அக்கா அந்த நடனத்துக்குப் போவது கணேசலிங்கத்துக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பிடித்த பைத்தியம் அது. கட்டம் போட்ட சால்வையைத் தோளில் குத்திக்கொண்டு எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆனால் எந்தப் படத்திலும் இந்த ஆளைப் பார்த்த நினைவில்லை.

"உங்களிட்டை எப்பிடித் திறப்பு வந்தது?"

"அவங்கதான் குடுத்தாங்க. இப்ப குப்பைத் தொட்டியை வெளிய வைக்கலாம்னு வந்தேன்."

குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது. கணேசலிங்கமே வெறும் தொட்டியை உள்ளே இழுத்து வைத்திருந்தார். கையை மட்டும் நீட்டினார். பத்ரிநாராயணன் திறப்பை அதில் வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹால்ல அவங்களுக்காக ஆடுறோம். நீங்க அவசியம் வரணும்" என்றார். போகும்போது அவர் கண் ஒருதரம் தேயிலைத் தகரப் பேணிகள் இருந்த தட்டுக்குப் போய் வந்தது.

ஆள் தெருமுனை தாண்டியதும் கணேசலிங்கம் பேணிகளை நகர்த்திப் பார்த்தார். பின்னால் மாத்திரைப் பெட்டிகள் இருந்தன. நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்துக் குப்பியும் இருந்தது. எல்லாம் இருதய வருத்தத்துக்கு. எல்லாவற்றிலும் அக்காவின் பெயர்.

அக்காவுக்கு முழங்கால் நோவைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. திடீர் மாரடைப்பு என்றும், அம்புலன்ஸை அழைத்தது 'அயலவர் ஒருவர்' என்றும்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த அயலவர் இவர்தானோ? செத்துப்போனவரின் மருந்தை எடுக்கப் பொய் சொல்லிக்கொண்டு ஏன் வரவேண்டும்?

"பொலிசுக்குச் சொல்லுங்கோ" என்றார் மயூரா தொலைபேசியில்.

"பொறு. முதல்ல ஆளை வடிவாப் பாப்பம்."

சனிக்கிழமை அவர் துக்கம் கொண்டாடப் போகவில்லை, வேவு பார்க்கத்தான் போனார். மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைக்காரர்களோடு சரிபாதி நம்மவர்கள். ஸ்கொட்டிஷ் ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையோடு ஒரு கிழவர் அக்கோர்டியன் வாசித்தார். பியற்றிஸ் என்ற யாழ்ப்பாணத்துப் பெண் எழுந்து பேசினார்.

"நான் வந்த புதுசில இங்கிலீஷ் ஒண்டும் தெரியாது. தவமக்காதான் டொக்டரிட்டயும் கவுன்சிலுக்கும் கூட்டிக்கொண்டு போனவ. பிறகு இஞ்ச இழுத்துக்கொண்டு வந்தா. 'வீட்டுக்குள்ள இருந்து அழுறதெண்டால் இஞ்ச வந்து ஆடிக்கொண்டு அழு' எண்டா."

எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கணேசலிங்கம் பத்ரிநாராயணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு வரிசை கட்டியபோது அவர் மட்டும் நழுவி, பின்பக்கம் தேநீர் போடுகிற அறைக்குள் போனார். கணேசலிங்கம் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார்.

"பேணிக்குப் பின்னால இருந்ததை நான் எடுத்திட்டன். அக்காவுக்கு என்ன நடந்தது?"

பத்ரிநாராயணன் கோப்பை கழுவுவதை நிறுத்தினார். "ரெண்டு வருஷமா ஹார்ட்ல பிரச்சினை. ஆப்பரேஷன் ஆபத்துன்னுட்டாங்க. மெதுவா ஆடலாம்னு டாக்டர் சொன்னார். அவங்க மெதுவா ஆடல. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா உள்ள வரணும்னு எனக்குச் சாவி குடுத்தாங்க. அன்னிக்குக் காலைல ஃபோன் எடுக்கல. போய்ப் பார்த்தேன். நாற்காலியில இருந்தாங்க."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. செத்த பிறகும் தெரியக் கூடாது, தம்பி தாங்க மாட்டான்னாங்க. அதனாலதான் மருந்தை எடுக்க வந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது சார்."

"சொல்லியிருந்தா நான் ஹவுன்ஸ்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்! அக்கா இப்பவும் உயிரோட இருந்திருப்பா!"

"இருந்திருக்கலாம்" என்றார் பத்ரிநாராயணன். "அதை நானும் தினம் நினைக்கிறேன். ஆனா நீங்க ஆட விட்டிருப்பீங்களா?"

கணேசலிங்கம் ஆட விட்டிருக்க மாட்டார். அக்காவைச் சோபாவில் இருத்தி, கஞ்சி கொடுத்து, தொலைக்காட்சியைப் போட்டு விட்டிருப்பார். அக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவதென்று தெரியவில்லை. சுவரில் தொங்கிய துவாயை எடுத்து, கழுவிய கோப்பை ஒன்றைத் துடைக்கத் தொடங்கினார்.

துடைத்துக்கொண்டே கேட்டார். "அக்கா நல்லா ஆடுவாவோ?"

"ஐயோ, இல்ல. எப்பவும் தப்பான பக்கம் திரும்புவாங்க. எல்லாரும் வந்து மோதிக்குவோம். முதல்ல சிரிக்கிறது அவங்கதான்." சொல்லும்போதே அந்த மனிதரின் முகம் உடைந்தது. கோப்பை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

ஆட்டத் துணைக்காக ஒருவர் இப்படி அழுவாரா? கணேசலிங்கத்தின் மனதில் வேறொரு சந்தேகம் எழுந்தது. கேள்வி நாக்குநுனி வரை வந்தது. தன் அக்காவுக்கு எழுபது தாண்டிய வயதில் அப்படியொன்று இருந்ததா? இருந்தால்தான் என்ன?

"முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு வாங்கோ" என்றார். "எங்கட ஆக்களோட முன்னுக்கு இருங்கோ."

"நான் யாருன்னு உங்க சொந்தக்காரங்க கேட்டா?"

"நான் சொல்லுறன்."

என்ன சொல்வதென்று கணேசலிங்கத்துக்கு அப்போது தெரியவில்லை. மண்டபத்தில் அடுத்த ஆட்டத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.