ரோமப் படுக்கையில் கல்தொட்டி

அர்சுலா கல்தூசியைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரை ஞானஸ்நானத் தொட்டிக்குள் ஊற்றினாள். எட்டுப் பக்கமும் வேலை முடிந்திருந்தது. மகுடம், ரோஜா, சிறகு முளைத்த குழந்தை முகம், துலிப் பூ என்று அவள் கணவன் எட்மண்ட் குளிர்காலம் முழுக்கச் செதுக்கியவை. விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்த துலிப் இதழ், காற்றடித்தால் அசைந்துவிடும்போல அவ்வளவு மெல்லிசு. பார்த்துப் பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை.

தூசி கரைந்து தண்ணீர் பாலாக நின்றது. நின்றபடியே இருந்தது.

“எட்மண்ட், இந்தத் தண்ணி எப்படி வெளிய போகும்?”

உளியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. அடியில் ஓட்டையே இல்லை.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. உள்நாட்டுப் போரின்போது சிப்பாய்கள் கோயிலின் பழைய தொட்டியை உடைத்தெறிந்த சமயம் அவன் தவழ்கிற பிள்ளை. நாட்டைவிட்டு ஓடிய இங்கிலாந்து ராஜா திரும்பி வரும்வரை யார்க்‌ஷயரின் அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஈயக் கிண்ணத்தில்தான் ஞானஸ்நானம். கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டிப் பிழைத்தவன், பாதிரியார் லோவெல் வாயால் சொன்னதைக் கேட்டே இந்தத் தொட்டியைச் செய்திருந்தான்.

“தப்பு என்னோடதுதான்,” என்றார் லோவெல், வந்து பார்த்துவிட்டு. “ஞானஸ்நானத் தண்ணியைத் தெருவுல கொட்டக்கூடாதுப்பா. கோயில் தரைக்குக் கீழ, மண்ணுக்குள்ளயே இறங்கணும். அதைச் சொல்ல மறந்துட்டேன்.”

கோயில் நிர்வாகி ஓப்பன்ஷா, பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர், சும்மா விடவில்லை. “எங்க வீட்டுப் பன்னித் தொட்டியிலகூட ஓட்டை இருக்கு. இவனுக்குப் பூ செதுக்கத்தான் தெரியும்.”

எட்மண்டுக்கு வேறு பயம். தொட்டிக் குழியின் அடியில் ஒரு செந்நிற ரேகை ஓடியது. மேலிருந்து அடித்தால் கல் அந்த வழியே பிளந்துவிடும். கவிழ்த்துப்போட்டு அடியிலிருந்து துளைக்கலாம். கவிழ்த்தால் விளிம்பிலுள்ள பூவெல்லாம் நொறுங்கிவிடும். அன்று அவன் சாப்பிடவில்லை.

ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் பருவம் அது. அர்சுலா நேராக ஓப்பன்ஷாவின் கொட்டகைக்குப் போனாள்.

“ஐயா, உங்க ரோமம் கொஞ்சம் இரவல் வேணும்.”

“ஏன், கல்லுக்குக் குளிருதாமா?”

“இல்லீங்க. மெத்தை கேக்குது.”

ரோமத்தைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவரும் வண்டியோடு வந்தார். ஆட்கள் தொட்டியைத் தூக்கி ரோமத்தின் மேல் கவிழ்த்தபோது ஒரு மூலையைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். துலிப் அவர் மூக்கடியில் வந்தது. பிடி தளராமல் அந்த இதழையே பார்த்தார்.

எட்மண்ட் நீள உளியைத் தட்டித் தட்டித் திருப்பினான், தண்ணீர் விட்டான், காதை வைத்துக் கேட்டான், மறுபடி தட்டினான். அர்சுலா கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தட்டும் அவள் முழங்கைவரை ஏறியது. கடைசியில் அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே திருகினான். உள்ளே சில்லு ஒன்று உதிர்ந்து ரோமத்தில் விழுந்தது.

நிமிர்த்திப் பார்த்தார்கள். ரேகை அப்படியே இருந்தது. துளை மட்டும் சற்றே விலகியிருந்தது.

“நடுவுல இல்லையே,” என்றார் ஓப்பன்ஷா.

“இல்லதான்,” என்றான் எட்மண்ட்.

“விடு. தண்ணிக்குக் கண்ணா தெரியுது?” என்றவர், துலிப் இதழ்களுக்குள் சிக்கிய ரோமத்தைத் தன் தடித்த விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடிந்த பிறகும் விரல் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாவு மில்காரரின் மகளுக்குத்தான் அந்தத் தொட்டியில் முதல் ஞானஸ்நானம். அது முடிந்து தண்ணீர் துளை வழியே மண்ணுக்குள் இறங்கிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பாலாடைக்கட்டி விற்கும் ஹெஸ்தர் நான்கு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, இதுங்க நாலுக்கும் அந்த ஈயக் கிண்ணந்தான் கெடைச்சுது. இதுல இன்னொரு தரம் ஊத்திவிட்டா என்ன?”

“ஒரு தரம்தாம்மா. கிண்ணத்துல ஊத்தினாலும் செல்லும்,” என்று சிரித்தார் லோவெல்.

ஹெஸ்தர் முகம் வாடியது. அர்சுலா கடைக்குட்டியை வாங்கி இடுப்பில் வைத்து, அதன் பிஞ்சுக் கையைப் பூவின் மேல் வைத்தாள்.