பூவாத்தாளின் எடை காங்கேயத்தில் இருக்கிறது

பூவாத்தாளின் உடம்பிலிருந்து இறங்கிப்போன பதினோரு கிலோ எடை, தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காங்கேயத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் டவுன் பஸ் மாறி, கோயமுத்தூர்ப் பீளமேட்டில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கிழித்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து வந்த ஆளுக்கு டிக்கெட் போடாமல் அவர்தான் வேறென்ன செய்வார். பூவாத்தாள் அப்போது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிடலாமா என்று பார்த்தாள். ஆனாலும் வாசலில் வந்து நிற்பவரை வாங்க என்று கேட்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களால் ஆகிற காரியமா. வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காகவே இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கிற குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. அதனால் அவள் எழுந்து, “வாங்க, வாங்க. பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதுங்களா?” என்று கேட்டாள். எடை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தது. பொழுது சாய்வதற்குள் பழையபடி அவள் இடுப்பிலும் தோளிலும் குடியேறிவிட்டது.

எடை பார்ப்பதற்கு எப்படி இருந்தது என்று அறியாதவர்கள் கேட்பார்கள். கட்டையான ஒரு பெண்பிள்ளை மாதிரிதான் இருந்தது. பூவாத்தாளின் முகத்தைக் கரண்டிக் குழியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு முகம். தொளதொளவென்று ஆகிவிட்டதென அவள் கழித்துப்போட்ட ரவிக்கையைப் போட்டிருந்தது. குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. யாரையும் எடுத்தெறிந்து பேசாது, பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடாமல் வாயே திறக்காது.

பூவாத்தாளுக்கும் எடையின்மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. அவளுக்குத் தொந்தரவு அவினாசி ரோட்டு மேம்பாலத்தால் வந்தது. அவள் வீட்டுக்காரர் திருமலைசாமி மோட்டார் பம்புப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். காற்றடித்தால் சட்டைதான் அவரைப் பிடித்து நிறுத்தும், அப்படி ஒரு உடம்பு. சேர்ந்து டவுனுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு பேரும் ஒரு மொபெட் வாங்கினார்கள். சமதளத்தில் அது பாட்டுக்குப் போகும். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் முனகும், பிறகு நின்றுபோகும். பூவாத்தாள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, உச்சி வரைக்கும் நடப்பாள். உச்சியில் மறுபடி ஏறி உட்காருவாள். ஒருதடவை காலேஜ் பஸ் ஒன்றில் பிள்ளைகள் மொத்தமும் சன்னல் பக்கம் வந்து கைதட்டினார்கள். திருமலைசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “நானுந்தான எறங்கித் தள்ளறேன் அம்மணி, உனக்கு மட்டுமா?” என்று அவர் சமாதானம் சொன்னார். அந்தப் பாலத்தை ஒரே ஒருதடவை, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, இறங்காமல் தாண்டிவிட வேண்டும். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக அவள் செய்யாத கூத்தில்லை. கொள்ளு வேகவைத்த தண்ணீரையே குடித்துக் கிடந்தாள். வாழைத்தண்டை அரைத்துக் குடித்தாள். டவுனில் இடுப்பில் பெல்ட்டை மாட்டி உலுக்கிவிடுகிற இடத்துக்குப் போய், வீடு திரும்பிய பிறகும் கை நடுங்கி டம்ளரைக் கீழே போட்டாள். ஒவ்வொரு தடவையும் எடை இறங்கவும் செய்தது. ஒரு நல்ல நாளாகப் பார்த்து அது கையில் பையோடு வாசலுக்கு வந்து, “அப்ப நான் வாரனுங்க” என்று சொல்லும். பூவாத்தாள் குங்குமம் கொடுத்து, வழிக்கு நாலு இட்லி கட்டிக் கொடுத்து, மனசு நிறைந்துபோய் அனுப்பி வைப்பாள். திருமலைசாமி பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். எதிர்வீட்டுத் தையல்கார இஸ்மத்தும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கையாட்டுவாள்.

எடை நேராகக் காங்கேயம் போகும். பூவாத்தாளின் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. எடைக்கும் பிறந்த வீடு அதுதானே, வேறெங்கே போகும். அவள் அண்ணன் சுப்பையன் அங்கே கொப்பரைக் களமும் எண்ணெய்ச் செக்கும் வைத்திருந்தார். அண்ணி பாவாத்தாள் வந்தவர் கை கழுவுவதற்குள் இலை போட்டுவிடுகிறவள். தங்கச்சியின் எடை வந்திருக்கிறதே என்று தேங்காய்ப்பாலும் கச்சாயமுமாகப் போட்டு அவள் கவனித்த கவனிப்பில், போகும்போது பதினோரு கிலோவாக இருந்தது வரும்போது பதிமூன்றாக வந்தது. “இவங்க ரண்டு பேரு ஊரு பாக்கோணும்னாங்க, கூட்டிட்டு வந்துபோட்டனுங்க” என்று அந்த இரண்டு கிலோவையும் எடை வாசலில் வைத்து அறிமுகம் செய்தது. பூவாத்தாள் அவர்களையும் வாங்க என்றுதான் கேட்டாள். தொண்ணூற்று மூன்றில் இப்படி ஆயிற்று, தொண்ணூற்று நான்கிலும் இப்படியே ஆயிற்று. மொபெட்டை எடுத்துப் பாலத்தில் ஏறிப் பார்ப்பதற்குள் எடை திரும்பி வந்துவிடும். இஸ்மத் அவள் ரவிக்கைகளை உள்ளே பிடிப்பதும் வெளியே விடுவதுமாக இருந்தாள். மிச்சத் துணியை வெட்டிவிடச் சொன்னால் மட்டும் வெட்ட மாட்டாள். “இருக்கட்டும் பூவாக்கா, எதுக்கும் இருக்கட்டும்” என்று உள்ளே மடித்தே தைத்து வைப்பாள்.

தொண்ணூற்றைந்தில் அது வந்து நின்றது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாலத்தை ஏறிப் பார்ப்பதென்று திருமலைசாமி மொபெட்டுக்குப் புதுப் பிளக் போட்டு, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். பூவாத்தாள் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்து, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டில் இஸ்மத்தின் தையல் மெஷின் நின்றது. எடை பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தது. வந்த இடத்தில் வாங்க என்று கேட்காதது அதற்கு இதுவே முதல் தடவை, பாவம்.

“ஏனுங்க,” என்று பூவாத்தாள் கடைசியில் கேட்டாள், “நான் உங்களுக்கு என்னங்க கொறை வெச்சேன்? எதுக்குங்க திரும்பத் திரும்ப வாரீங்க?”

எடைக்கு முகம் சுண்டிப்போயிற்று. “என்னங்க அம்மணி இப்படிக் கேட்டுப்போட்டீங்க. நானா வந்தனுங்க? ஒவ்வொருவாட்டியும் நீங்கதானுங்களே போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பறீங்க. அத்தனை மரியாதையாச் சொன்னவங்க பேச்சைத் தட்டீட்டு அங்கயே இருந்துக்கிட்டா, நாலு பேரு என்னங்க நெனைப்பாங்க?”

 அது சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. நாலு தடவையும் பூவாத்தாள் வாய் நிறைய அப்படித்தான் சொல்லியிருந்தாள். திருமலைசாமி சொன்னார், இஸ்மத் சொன்னாள், பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா கூடச் சொல்லியிருக்கிறாள். பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அதுவும் செரிதானுங்க. தப்பு எம்மேலதான். வாங்க, சாப்பிடுங்க” என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

அப்போதிருந்து அந்த வீதியில் எல்லோரும் வெறும் ‘போங்க’ என்று மட்டும் சொல்லிப் பழக ஆரம்பித்தார்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. திருமலைசாமி பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். சொல்லி முடித்ததும் அதன்மேல் இரக்கம் வந்து, எடுத்து எண்ணெய் தடவி வைத்தார். பூவாத்தாள் பால் குடிக்க வந்த பூனையிடம் சொல்லப் பார்த்தாள், ‘போ’ வரைக்கும் வந்தது, பின்னாலேயே ‘யிட்டு வாங்க’வும் வந்துவிட்டது. பூனை மறுநாளும் வந்தது. “எனக்கும் வாயில வரமாட்டேங்குதுக்கா” என்றாள் இஸ்மத். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடலாமே என்று யாரோ யோசனை சொன்னதற்குப் பூவாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். “உசுரோட இருக்கறவங்களை அப்படி அனுப்பறதா? எத்தனை வருசம் எங்கூடவே இருந்திருக்குது” என்றாள்.

அந்தத் தடவை அவள் எதையும் அரைத்துக் குடிக்கவில்லை. பிடித்ததைச் சாப்பிட்டாள், சின்னத் தட்டில் சாப்பிட்டாள். விடிந்ததும் மேம்பாலத்துக்குப் போய் ஏறி இறங்கி வந்தாள். எப்படியும் நடந்தே ஏறிய பாலம்தானே, மொபெட் இல்லாமல் ஏறினால் ஹாரன் அடிக்கவும் ஆளில்லை. எடைக்கும் அவசரம் இல்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கல் வந்தபோது, கூட வந்திருந்த சில்லறைக் கிலோக்களையும் கூட்டிக்கொண்டு, பையோடு வாசலுக்கு வந்தது. “அப்ப நான் வாரனுங்க.” திருமலைசாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். இஸ்மத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பூவாத்தாள் மட்டும் எடையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அலைய வேண்டாமுங்க. நீங்க அங்கயே இருங்க. நாங்க வந்து பாக்கறோம்.”

 எடைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் வந்து பார்க்கிறேன் என்று அதனிடம் சொல்வது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். “நெசமாலுமே வருவீங்களா?” என்று கேட்டது. “அமாவாசைக்கு அமாவாசை வாரோம்” என்றாள் பூவாத்தாள். எடை தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொபெட் பாலத்தில் ஏறியது. பாதியில் முனகியது. பூவாத்தாள் பழக்க தோஷத்தில் ஒரு காலைக் கீழே விடப்போனாள். “உக்காரு புள்ள” என்றார் திருமலைசாமி. முனகல் நின்றது, மொபெட் நிற்கவில்லை. உச்சியில் வலப்பக்கம் ரயில் போனதையும், காற்றில் தன் முந்தானை பறந்ததையும் அவள் உட்கார்ந்தபடியே பார்த்தாள். இறக்கத்தில் இறங்கியதும் அவர் தோளைத் தட்டி, “இன்னொருக்காப் போலாமுங்க” என்றாள். பெட்ரோல் தீர்கிற வரைக்கும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஏறி இறங்கினார்கள். போலீஸ்காரர் நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டார், ஒன்றுமில்லைங்க என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்கள். கடைசியில் வண்டியை பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டி வந்தது. தள்ளிக்கொண்டே இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சொன்னபடி அமாவாசைதோறும் காங்கேயம் போனார்கள். மொபெட்டில் அவ்வளவு தூரமா என்று ஊரே திட்டியது. பூவாத்தாளுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் என்றாலும் போதாது, அதனால் யார் சொல்லியும் கேட்கவில்லை. எடைக்கு அங்கே வேலையும் அமைந்துவிட்டது. களத்தில் காயும் கொப்பரையைத் தார்ப்பாய் போட்டு மூடினால் காங்கேயத்துக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். எடை ஒரு மூலையில் உட்கார்ந்து, கூட இருந்த கிலோக்களை மற்ற மூலைகளில் உட்கார வைத்ததும் தார்ப்பாய் அசையவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பூவாத்தாளுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு இலை. பாவாத்தாள் இரண்டாம் தரம் நெய்யோடு வரும்போது பூவாத்தாள் போதுங்க என்றால் எடுபடாது, விருந்தாளி சொல்கிற போதுங்கவை எங்கள் பக்கத்தில் யார் காதில் வாங்குவார்கள். எடை கையை நீட்டி மறித்து, “அம்மணிக்குப் போதுமுங்க. அவங்க பங்கை எனக்குப் போடுங்க” என்று சொல்லும். பாவாத்தாளுக்கும் போட்ட திருப்தி.

தொண்ணூற்றேழில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது, அந்த அமாவாசைக்கு அவர்கள் போகவில்லை. மறுநாள் காலையில் பூவாத்தாளின் ரவிக்கை தோளில் பிடித்தது. அதற்கு மறுநாள் ஒரு ஊக்கு தெறித்து இஸ்மத் வீட்டு வாசலில் போய் விழுந்தது. மத்தியானம் மளிகைக்கடை போனில் சுப்பையன் கூப்பிட்டார். “பூவா, இங்க தார்ப்பாய் பறக்குது கண்ணு. அது பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. அவிய மறந்துபோட்டாங்கன்னு சொல்லி ஒரே அழுகை.” திருமலைசாமி பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தார். இரண்டு பேரும் ஒரே ரெயின்கோட்டுக்குள் நுழைந்துகொண்டு கிளம்பினார்கள். முன்பெல்லாம் அதற்குள் அவள் ஒருத்தியே கொள்ள மாட்டாள்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில், மழையால் வெகுநேரம் கிளம்பாமல் கிடந்த கோயமுத்தூர் பஸ் அப்போதுதான் உறுமிக்கொண்டு நின்றது. எடை சன்னலோரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. பூவாத்தாள் சொட்டச் சொட்ட நனைந்தபடி பஸ்ஸில் ஏறி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “ஏனுங்க, நாங்கதான் வந்துட்டமுங்களே. நீங்க எங்கீங்க கெளம்பீட்டீங்க?” எடை அவளைப் பார்த்தது, அவள் தலையில் வழிகிற தண்ணீரைப் பார்த்தது, தன் முந்தானையால் துடைத்துவிட்டது. “இந்த மழையில எதுக்குங்க அம்மணி வந்தீங்க” என்று கோபித்துக்கொண்டு பையை எடுத்தது. கண்டக்டர் இறங்குகிறவர்களுக்காக இரண்டாவது விசில் கொடுக்காமல் காத்திருந்தார். களத்துக்குத் திரும்பி எடை மூலையில் உட்கார்ந்ததும் தார்ப்பாய் அடங்கியது. அந்த வாரமே இஸ்மத் பூவாத்தாளின் ரவிக்கைகளை எல்லாம் வாங்கி, உள்ளே மடித்து வைத்திருந்த துணியை வெட்டித் தள்ளினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு அமாவாசையும் தவறியதில்லை. காங்கேயம் பக்கம் போகிறவர்கள் சுப்பையன் களத்தில் தார்ப்பாய் மேல் அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், வாங்க என்று கேட்கும், சாப்பிட்டீங்களா என்றும் கேட்கும். வெயில் தாழ்ந்து மொபெட் கிளம்புகிற நேரத்தில் அது களத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கும். பூவாத்தாள் ஏறி உட்கார்ந்து திருமலைசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாங்க வாரோமுங்க” என்பாள். எடை கையைத் தூக்கி, “போயிட்டு வாங்க” என்று சொல்லும். அத்தனை மரியாதையாகச் சொன்னவர் பேச்சைத் தட்ட முடியாதில்லையா, அவர்கள் போய்விட்டு வருவார்கள்.