பித்தப்பை இல்லாத தாய்மாமன்

1

இந்தக் கதை எனக்கு உதித்தது என்று சொன்னால் பொய். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில், வயிற்றில் ஜில்லென்று பசை தடவியபோது கிடைத்தது. பித்தப்பையில் கல், எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். எனக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் சின்னராசு என்று ஒருவனை உண்டாக்கி அவனுக்கு ஆபரேஷன் செய்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே சௌகரியம் இது.

2

முதல் தொடக்கம்: "மலைமேல் மேகம் தவழ்ந்த அந்த அதிகாலையில், சின்னராசுவின் மனம்..."

(வேண்டாம். அவனுக்குப் பிரச்சினை மனத்தில் இல்லை, வயிற்றில்.)

இரண்டாவது: "கிளிசராலைப் பிடித்துக்கொண்டு மூன்று கொழுப்பு அமிலங்கள்..."

(பரீட்சை ஞாபகம் வருகிறது.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். சங்கராபுரத்துச் சின்னராசு, பித்தப்பையைப் பறிகொடுத்த சில வாரங்களில், அக்கா மகள் தனுஷாவின் காதுகுத்துக்காக வெள்ளிமலை பஸ் ஏறினான்.

3

போகாமல் இருக்க முடியாது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ளும். விருந்தில் கறி முதலில் விழுவதும் அவன் இலையில்தான். அவன் கை வைக்கும்வரை பந்தியில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

அதோடு ஒரு பழைய மனத்தாங்கல். அக்கா புருஷன் வேடியப்பன் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய புதுமனை விருந்தில் சின்னராசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கொழம்புல எண்ணெயே காணோமே" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவைத்தான். அது வேடியப்பன் காதில் விழுந்தது. இரண்டு வருஷமாக மனிதர் பேசவில்லை. நடுவில் கிடந்து அழுதவள் அக்கா ஜெயம்மாள். இந்தத் தடவை குழம்பில் எண்ணெய் மட்டும்தான் தெரியும் என்று அவளே போனில் சொல்லியிருந்தாள். சாப்பிடாமல் எழுந்தால் அது இரண்டாவது அவமானம். அப்புறம் அக்கா வீட்டு வாசற்படியை அவன் மறந்துவிட வேண்டியதுதான்.

4

(இது கட்டுரைப் பகுதி. தாண்டிப் போனால் வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் படுவேன்.)

கொழுப்பு தண்ணீரில் கரையாது. குடலிலோ எல்லாமே தண்ணீர்மயம். ஆகவே கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து, மறுபடி ஒன்று சேராமல் பார்த்துக்கொள்கிறது. பிறகு கணையத்திலிருந்து லைப்பேஸ் என்ற நொதி வந்து கொழுப்பு அமிலங்களை வெட்டிப் பிரிக்கிறது. இதில் பித்தப்பை வெறும் தொட்டி. கொழுப்பு வந்ததும் சேர்த்து வைத்ததை மொத்தமாகப் பிழிந்துவிடும். தொட்டியை எடுத்துவிட்டால், மோட்டாரிலிருந்து நேராகக் குழாய்க்கு வருகிற மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒருவர் கை கழுவலாம். பந்தியே எழுந்து வந்தால் பத்தாது.*

* மிச்சக் கொழுப்பு எந்த வழியாகப் போகும் என்று கேட்காதீர்கள். வெள்ளிமலை பஸ் இறங்கும் வளைவுகளில் கழிப்பறை கிடையாது.

5

தனுஷா மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். காது குத்தியாயிற்று. இலை போட்டாயிற்று.

ஆபரேஷனைச் சின்னராசு அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தான். அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். (நான் இதை அடித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தேன். மறுபடியும் சொல்லிவிட்டாள்.)

வேடியப்பன் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து, அவன் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"இன்னா மச்சான், உனுக்கு பித்தப்பைய எடுத்துட்டாங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க கோவமா இருந்தீங்க மாமா."

"கோவம் கெடக்குது. அது ஒடஞ்சா கறியே கசந்துடும்னு ஆடு அறுக்கச்சொல்ல தூர வீசிடுவோம். இன்னிக்கு உனுக்குன்னு நானே ஒடையாம எடுத்து வெச்சிக்கினேன். போனதுக்கு பதுலா இத முழுங்கிடு."

சோற்றுக்குப் பக்கத்தில், பச்சைப் பசேலென்று, ஆட்டின் பித்தப்பை வந்து உட்கார்ந்தது.

6

முடிவு ஒன்று: விழுங்குகிறான். (அது போய் அவன் கல்லீரலில் ஒட்டிக்கொள்ளாது. பச்சைப் பித்தம் உடம்புக்கும் ஆகாது. டாக்டர் என்னைத்தான் திட்டுவார்.)

முடிவு இரண்டு: நான்காம் பகுதி முழுவதையும் வேடியப்பனுக்கு விளக்குகிறான். அதற்குள் கறி ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து, வேடியப்பனின் முகமும்...

முடிவு மூன்று: தனுஷா ஓடி வந்து இலையைத் தட்டிவிடு...

(சீ. குழந்தையை வைத்துத் தப்பிப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.)

7

வேடியப்பனைச் சிரிப்புக்காகத்தான் உண்டாக்கினேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தன் குழம்பைக் குறை சொன்னவனுக்காக அந்த மனிதர் காலையிலிருந்து கத்தி நுனியைப் பார்த்துப் பார்த்து நகர்த்தியிருக்கிறார்.

பந்தி முழுக்கக் காத்திருக்கிறது. ஜெயம்மாள் சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "மாமா" என்று கூப்பிட்டுவிட்டுச் சின்னராசு கையை நீட்டிவிட்டான். பைக்கா, பக்கத்தில் இருக்கும் கறிக்கா, வேடியப்பனின் கைக்கா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுந்திருக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். கரியாலூரில் எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாமாவிடம் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அவர் ஆடு அறுக்காமல் இருந்தால் சரி.