அன்புராசாவின் நெஞ்சின்மேல்

கஜீவன் ஒன்றும் சண்டைக்காரன் இல்லை. பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பகல் ஷிப்ற், பிறகு வீடு, சனிக்கிழமையில் உடுப்புத் தோய்ப்பு என்று தன் பாட்டில் இருந்தவன். அவனை ஒருவன் நெஞ்சில் ஏறி இருந்து கெடுத்தான். அவனுடைய பெயர் அன்புராசா. அந்தப் பெயரை வைத்தவர்களை என்ன சொல்ல!

1996 ஆவணியில், புலம்பெயர்ந்து வந்த ஊரான அஜின்கோர்ட்டில், ஒரு கலியாண மண்டபத்து வாசலில் அது நடந்தது. கஜீவனின் அக்கா சாம்பவிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் பெண்ணின் தம்பி. அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். அந்த நேரம் பார்த்துத் தோழன் நெடுஞ்சாலையில், லொறி ஒன்று கவிழ்ந்த நெரிசலுக்குள், மாலைகளோடு அகப்பட்டுக் கிடந்தான். எல்லார் கையிலும் போன் இருந்த காலம் இல்லை அது. மாப்பிள்ளை இருபத்தைந்து நிமிடம் காருக்குள் பட்டுச் சால்வையோடு வேர்த்துக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளையின் தமையன் அன்புராசா வாசலில் குறுக்கும் மறுக்கும் நடந்தான்.

கஜீவன் ஓடிவந்து தண்ணீர்ச் செம்பைத் தூக்கவும் அன்புராசா அவனுடைய சால்வையில் பிடித்தான்.

"எங்கையடா போய்க் கிடந்தனீ? என்ரை தம்பி என்ன பிச்சைக்கே வந்து நிக்கிறான்?"

"றோட்டிலை அக்சிடன்ற் அண்ணை. நான் என்ன செய்யிறது?" என்று கஜீவன் மரியாதையாகத்தான் சொன்னான். அடுத்ததாக "கையை எடுங்கோ" என்று சொன்னதில்தான் மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. அது போதும். அன்புராசா இருநூற்றிருபது இறாத்தல் ஆள், நூறு கிலோ. ஒரு தள்ளு, கஜீவன் மல்லாந்து விழுந்தான். வேட்டி ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். எழும்ப முதலே அன்புராசா அவன் நெஞ்சில் ஏறி இருந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களால் நிலத்தோடு அழுத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிப்புக் கேள்."

நானூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிடித்து இழுக்கப் போனவர்களை அன்புராசா முழங்கையால் தள்ளினான். மூன்றாவது தரம் கேட்டபோது கஜீவனுக்கு மூச்சு இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றான். பிறகு எழும்பி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். அக்காவின் கலியாணம் அல்லவா!

இதோடு முடிந்திருந்தால் அவனும் மறந்திருப்பானோ என்னவோ. ஆனால் வீடியோக்காரர் சச்சிதானந்தன் ஒரு கடமை வீரர். மாப்பிள்ளை இறங்குவதை எடுக்க நின்றவர் கமெராவை நிற்பாட்டவே இல்லை. கசற் பிரதி எடுக்கப்பட்டுப் பாரிசுக்கும் லண்டனுக்கும் நோர்வேக்கும் போனது. கொழும்பில் தங்கியிருந்த அம்மாவுக்கும் போனது. அம்மா போனில் மகளின் சேலையைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். கடைசியாக, "தம்பி, ஏனடா உப்பிடியே கிடந்தனீ?" என்று கேட்டாள்.

கஜீவன் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதான். இரண்டு மாதம் கழித்து மொன்றியலில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். "அந்தக் கீழை கிடந்த பெடியனோ?" என்று பெண் வீட்டில் கேட்டதாகத் தரகர் வந்து, ஒளிக்காமல், அப்படியே சொன்னார். அன்றைக்கே கஜீவன் முடிவெடுத்தான். அதே சனத்துக்கு முன்னால், அதே மனிதனைக் கீழே போட்டு, நெஞ்சில் ஏறி இருந்து, அதே சொற்களை அவன் வாயால் வாங்கவேண்டும். அதற்குக் குறைந்து ஒன்றும் வேண்டாம்.

தமிழ்க் கடைகளில் அப்போது படக் கசற்றுகளோடு சண்டைக் கசற்றுகளும் வாடகைக்குக் கிடைத்தன. கூண்டுக்குள் மனிதர்கள் மோதுகிற ஒன்றை எடுத்துவந்து போட்டுப் பார்த்தான். ஒல்லியான ஒரு பிரேசில்காரன் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆளை நிலத்தில் விழுத்தி, மேலே ஏறி, அடிக்காமல் உதைக்காமல் அவனைச் சரணடைய வைத்தான். கஜீவன் அந்த இடத்தை மட்டும் பதினாறு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த கிழமையே கெனடி வீதியில், ஒரு கம்பளக் கடைக்குக் கீழே, அந்தச் சண்டையைப் பழக்குகிற ஜியு-ஜிட்சு வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டான்.

வகுப்பை நடத்திய றொபேட்டுக்குக் கஜீவனைவிட இரண்டு வயது குறைவு. பகலில் வீடு வீடாகத் தபால் போடுகிறவன். முதல் நாளே கஜீவனை வேரோனிக்கா என்ற பிலிப்பீன்ஸ் பெண்ணோடு மோதவிட்டான். மருத்துவமனைத் தாதி, நிறை நூற்றுப் பத்து இறாத்தல்தான். அவள் அவனைச் சரித்து விழுத்தி, பக்கவாட்டில் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே படுத்து, தோளால் அவனுடைய தாடையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பால் எழும்ப முடியாது என்று கஜீவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் திமிறினான். அடுப்படிக்குள் வந்த பூனையைக் கூடையால் மூடினமாதிரி அவள் அப்படியே இருந்தாள்.

வெட்கத்தில் செத்தான். ஆனால் அடுத்த வகுப்புக்கும் போனான், அதற்கடுத்த வகுப்புக்கும் போனான்.

பாரம் என்பது எவ்வளவு இருக்கிறது என்பதில் இல்லை, எங்கே வைக்கிறாய் என்பதில் இருக்கிறது என்று வேரோனிக்கா காட்டிக் கொடுத்தாள். முழங்காலை நிலத்தில் ஊன்றினால் உன் பாரத்தை நிலம் வாங்கிவிடும். முழங்காலைத் தூக்கிக் கால்விரலில் நின்றால் முழுப் பாரமும் கீழே கிடப்பவனுக்குத்தான். அவன் உன்னைத் தள்ளுவான், தள்ளட்டும். தள்ளுகிற கைதான் பிறகு உனக்கு வேண்டிய கை. முதலில் இடத்தைப் பிடி, அதற்குப் பிறகு தாக்கு. அவசரப்பட்டுக் கழுத்தைத் தேடுகிறவன் இருந்த இடத்தையும் இழப்பான்.

காத்திருப்பதில் கஜீவனுக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டித் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டுக் கிழமைக்கு நாலு நாள் அந்த நிலவறைக்குப் போனான். எவனைக் கீழே போட்டாலும் அவனுக்கு அன்புராசாவின் முகம்தான் தெரிந்தது. சிலவேளைகளில் பிடித்த பிடியை முடிக்காமல், கீழே கிடப்பவன் தவிக்கத் தவிக்க வைத்திருப்பான். "உனக்கு யாரோடு கோபம்?" என்று வேரோனிக்கா கேட்டாள். "ஒருவரோடும் இல்லை" என்றான். அவள் நம்பவில்லை.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் றொபேட் விட்டுக்கொடுக்கமாட்டான். கழுத்து நெரிபட்டவனோ கை முறுகியவனோ உன் உடம்பில் இரண்டு தரம் தட்டினால், அந்தக் கணமே விடவேண்டும். யோசிக்கக் கூடாது, அவன் வாயால் சொல்லும்வரை பார்த்திருக்கக் கூடாது. தட்டினால் விடு. இரண்டு வருடத்தில் கஜீவனுக்கு எத்தனை ஆயிரம் தரம் தட்டியிருப்பார்களோ, அத்தனை ஆயிரம் தரமும் விட்டான்.

1998 ஆடியில் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல், மோர்னிங்சைட் பூங்காவில் நடந்தது. கலியாணத்துக்கு வந்த சனத்தில் பாதிக்கு மேல் அங்கே நின்றது. ஒரு பக்கம் பெரிய கிடாரத்தில் கூழ் கொதித்தது. மறுபக்கம் சாக்கோட்டம், கயிறிழுத்தல். பிக்கரிங்கிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அன்புராசாவும் அதே வீட்டில்தான் இருந்தான். கஜீவனைக் கண்டதும் அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. தம்பி இரண்டு வருடமாக எங்கே போய் என்ன பழகுகிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"தம்பி, ஒண்டும் செய்யாதை. நான் அந்த வீட்டிலை இருக்கிறனான்."

"நான் என்னக்கா செய்யப்போறன்? கூழ் குடிக்க வந்தனான்."

கயிறிழுத்தலில் அன்புராசாவின் பக்கம் வென்றது. அவன் இடுப்பில் கயிற்றோடு நின்று, "இன்னும் ஆராவது இருக்கிறியளோ?" என்று கூவினான். சும்மா பம்பலாக, விளையாட்டுக்குத்தான். கஜீவன் கோப்பையை வைத்துவிட்டு நடந்து போனான்.

"கயிறு வேண்டாம். வாங்கோ, மல்லுக்கட்டிப் பாப்பம்."

"எட, தோழனே! அண்டைக்குக் காணாதோ?"

சனம் சிரித்தது. சங்கத் தலைவர் எட்வேட் அங்கிள் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நட்பு ரீதியிலான மல்யுத்தம் என்று அறிவித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

அன்புராசா பழையபடி தள்ள வந்தான். கஜீவன் அந்தக் கைக்குக் கீழே புகுந்து, இடுப்பைக் கட்டிப் பிடித்து, ஒரு காலைத் தடக்கி விழுத்தினான். விழுந்த சத்தத்தில் கூழ்ப் பக்கம் நின்றவர்களும் திரும்பினார்கள். பிறகு கஜீவன் அவசரப்படவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே படுத்து, தோளால் தாடையைத் திருப்பி, கால்விரல்களில் நின்று, தன் நூற்றைம்பது இறாத்தலையும் அந்த நெஞ்சின் நடுவில் இறக்கினான். அன்புராசா திமிறினான், கஜீவன் அவனோடு சேர்ந்து அசைந்தான். அவனுக்கு மூச்சு வாங்கும் மட்டும் பொறுத்து, வயிற்றுக்குக் குறுக்கே முழங்காலை வழுக்கிக் கொண்டுபோய், நெஞ்சில் ஏறி இருந்தான்.

அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! இரண்டு வருடமாக இதைத்தான் கனவு கண்டான். கனவைவிட நன்றாக இருந்தது. அன்புராசா இடுப்பை மேலே எற்றி எற்றிப் பார்த்தான். கஜீவன் கைகளைப் புல்லில் பரப்பி ஊன்றி, அசையாமல் இருந்தான்.

"மன்னிப்புக் கேளுங்கோ."

"போடா."

"கேளுங்கோ."

"எழும்படா நாயே!"

மூன்றாவது தரமும் கேட்டான். அன்புராசா முழுப் பலத்தோடும் அவனை முகத்தில் தள்ளினான். கஜீவன் காத்திருந்த கை அதுதான். அந்தக் கையை அன்புராசாவின் கழுத்துக்கே குறுக்காகத் தள்ளிவிட்டு, தலையால் அதை அழுத்தி, தன் கையைக் கழுத்துக்குக் கீழே சுற்றி வளைத்துப் பூட்டினான். அன்புராசாவின் சொந்தத் தோளே அவனுடைய கழுத்தை ஒரு பக்கம் நெரித்தது. இனி அவன் மன்னிப்புக் கேட்க நினைத்தாலும் குரல் வராது. வராவிட்டால் போகட்டும். மயங்கட்டும். இந்தச் சனத்துக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கட்டும். அம்மாவுக்கு யாராவது போய்ச் சொல்லட்டும். சனத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, விடு!" என்று அக்கா கத்தியது கேட்டது. அவன் இன்னும் இறுக்கினான்.

அன்புராசாவுக்கு ஜியு-ஜிட்சுவும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. தண்ணீரில் தாழ்கிறவன் எதையாவது அடிப்பதுபோல அவனுடைய மற்றக் கை புல்லை அடித்தது, காற்றை அடித்தது, பிறகு கஜீவனின் முதுகில் விழுந்தது. ஒன்று, இரண்டு.

கஜீவனின் கைகள் விட்டுவிட்டன.

அவன் விடவில்லை, கைகள் விட்டுவிட்டன. அவனுக்கே அது பிறகுதான் தெரிந்தது. பார்த்தால் முழங்காலில் நிற்கிறான், வகுப்பில் நிற்பதுபோல. அன்புராசா பக்கவாட்டில் உருண்டு இருமிக்கொண்டிருந்தான்.

"பார்த்தீர்களா! எங்கள் கஜீவன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டார்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. சனம் கைதட்டியது. அக்கா ஓடிவந்து அவன் தலையைத் தடவி, "என்ரை ராசா, விட்டிட்டாய்" என்று அழுதாள். பெருந்தன்மையாம்! கஜீவனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரண்டு வருட உழைப்பை ஒரு கணத்தில் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான், இவர்கள் அவனை நல்லவனாக்குகிறார்கள்.

அன்புராசா எழும்பி இருந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, கையை நீட்டினான். "நானெண்டா விட்டிருக்கமாட்டன் தம்பி."

"நானும் விடேல்லை" என்றான் கஜீவன். "கை தானா விட்டிட்டுது. திரும்பப் படுங்கோ."

பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அன்புராசா சிரிக்கவில்லை. அவன் கஜீவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்ன கண்டானோ, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, புல்லில் மெல்ல மல்லாந்து படுத்தான். இரண்டு கைகளையும் அகல விரித்து வைத்தான்.

"வா. இரு."

"தம்பி, வேண்டாம்!" என்று அக்கா கையைப் பிடித்தாள். கஜீவன் உதறிவிட்டுப் போய், ஏறி இருந்தான். அன்புராசா எற்றவில்லை, தள்ளவில்லை. பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெரிய நெஞ்சு ஒன்று கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"சொல்லுங்கோ."

"மன்னிச்சுக்கொள் தம்பி" என்றான் அன்புராசா, தொண்டை கரகரக்க. பிறகு கூழ் வரிசைக்கும் கேட்கத்தக்கதாக உரத்துச் சொன்னான்: "அண்டைக்குக் கலியாண வீட்டிலை உனக்குச் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்." ஒருவரும் கேட்காமலே மூன்றாவது தரமும் சொன்னான்.

கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அதே சனம், அதே சொற்கள். சனம் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தது. சிலர் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கூழடிக்குப் போனார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கஜீவன் தனக்குள்ளே அந்தச் சுகத்தைத் தேடிப் பார்த்தான். கோபம் இருந்தது, குறையாமல், அப்படியே இருந்தது. அதை இனி யார் மேல் வைப்பது?

"இன்னும் ஏதும் சொல்லவேணுமே?" என்று அன்புராசா கீழேயிருந்து, நிசமாகவே அறிய விரும்புகிறவனாகக் கேட்டான். "இல்லாட்டி எழும்பன் தம்பி. முதுகிலை கல்லொண்டு குத்துது."

கஜீவன் எழும்பவில்லை. எழும்பினால் நாளைக்குக் காலையில் எதற்காகக் கண் விழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.