தோளில் கிடந்த துண்டு

படத்தை மாற்றாவிட்டால் குடிசையைப் பிரித்துவிடுவதாகப் பண்ணையின் காரியக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குடிசை நின்ற மனை பண்ணையுடையது. பிரித்தால் பிள்ளைகளோடு வாய்க்கால் கரைதான். தர்மாம்பாள் புருஷன் கோவிந்தராசுவை இழுக்காத குறையாகத் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவுக்குக் கூட்டி வந்தாள்.

ஜெக்கரியாவின் ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், கல்யாண ஜோடிகளின் படங்களுக்கு நடுவில், படத்தில் கோவிந்தராசு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தோளில் துண்டு. பார்வை நேராக இருந்தது. தர்மாம்பாளுக்கே யாரோ போலத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் கண்ணை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

கூலிச் சண்டையில் அடிபட்டவர்களைப் பேப்பரில் பேர்கூடப் போடாமல் வெறும் கூட்டம் என்றே எழுதினார்கள். அது பொறுக்காமல்தான் ஜெக்கரியா காசு வாங்காமல் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஊர் இவர்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்றார். கோவிந்தராசு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டதும் அவர்தான். பண்ணையின் கார் அந்தத் தெரு வழியாகத்தான் ரைஸ்மில்லுக்குப் போகும் என்பதை அவர் நினைக்கவில்லை.

"தப்பு என்னுதுதான், தங்கச்சி. இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்தா மட்டும் போதாதுங்க, பாய். அதே எடத்துல வேற படம் வைக்கணுமாம். துண்டை இடுப்புல கட்டிக் கைகட்டி நிக்கிற மாதிரி."

உள்ளே பெஞ்சில் காரியக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "கவர்னரு வந்தாச்சா? நாற்காலியெல்லாம் வேணாம், நின்னா போதும்."

"ஐயா, வெறும் படந்தானே," என்றார் ஜெக்கரியா.

"வெறும் படந்தானே. நிக்கட்டுமே."

கோவிந்தராசு அசையவில்லை. தர்மாம்பாளே துண்டை வாங்கி அவன் இடுப்பில் சுற்றி முடிந்தாள். அவன் கைகளை மடக்கி நெஞ்சில் வைத்தாள். அவை கனத்தன.

"புள்ளைங்களை நெனச்சுக்க," என்றாள் காதோரம்.

அவன் நின்றான். ஜெக்கரியா காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அவன் தனியாக நிற்பதைப் பார்க்க முடியாமல் தர்மாம்பாள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நீ எங்கடி வர்றே?"

"அது ஒத்தையா நிக்க வேணாங்க, ஐயா."

காரியக்காரர் யோசித்தார். "அதுவும் நல்லதுதான். கொஞ்சம் குனிஞ்சு நில்லு."

தர்மாம்பாள் குனிந்தாள். நாற்று நட்டுப் பழகிய முதுகு. வலிக்கவில்லை.

பக்கத்தில் கோவிந்தராசுவின் கைகள் பிரிந்தன. அவன் துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காரியக்காரரைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போனான்.

"சரி. பிரிச்சுட வேண்டியதுதான்." காரியக்காரர் குடையை எடுத்தார்.

"பாய், எடுங்க." தர்மாம்பாள் நிமிரவில்லை. "நான் நிக்கிறேன்ல. என்னை வச்சு எடுங்க, பாய். ஐயா, பாத்துட்டுப் போங்க ஐயா. நல்லாக் குனிஞ்சிருக்கேன்."

ஜெக்கரியா கறுப்புத் துணியை விட்டு வெளியே வரவில்லை.