சின்னவளின் நாலு வரிசை

நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். திராட்சைத் தோட்டத்தில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். இனிப்பில்லாத ஒயினைத் தவிர வேறெதையும் அவர் ஒயினென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இனிப்பு ஒயின் போடுகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கியது நாலே நாலு வரிசைக் கொடி. சரியாக வராவிட்டால் அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மற்ற வரிசைகளைப் பறித்து இரண்டு மாதமாகியும் அவள் பறிக்கவில்லை. பழம் கொடியிலேயே வதங்கினால்தான் தண்ணீர் வற்றிச் சர்க்கரை கூடும். மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தது. பாதியைக் குருவிகள் தின்று தீர்த்தன. மிச்சத்தைப் பிழிந்ததில் ஒரு சின்னத் தொட்டிதான் நிறைந்தது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னச் சாறு ஒயினாகும். முழுவதும் தின்ன விட்டால் அது அண்ணனுடைய ஒயின். பாதியில் நிறுத்தினால் அவளுடையது. தினமும் நாக்கில் வைத்துப் பார்த்து, இதுதான் பதம் என்று தோன்றிய காலையில் தொட்டியைக் குளிரவைத்து நிறுத்தினாள். பிறகு பாட்டில் வாங்க வெளியூர் போனவள், போன இடத்தில் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி. பக்கத்தில் ஹீட்டர்.

"நீ போன அன்னிக்கே பாத்தேன். ஒரு குமிழி இல்ல, நொதிக்கிறது பாதியிலயே நின்னு போச்சு," என்றார் அண்ணன். தூங்காமல் கண் சிவந்திருந்தது. "இனிப்பு ஒயின்னாலும் நொதிச்சு முடிய வேண்டாமா? சூடு காட்டி, நல்ல ஈஸ்ட்டா போட்டு, கூடவே கெடந்தேன். உடம்பு முடியாத ஆளை எதுக்குப் பதற வைக்கணும்னுதான் போன் பண்ணல."

அவள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பெயருக்குக்கூட இனிப்பில்லை.

"அது தானா நிக்கலண்ணா. நான்தான் நிறுத்தினேன்."

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணை மூடி மெதுவாகக் குடித்தார்.

"முப்பது வருஷத்துல நான் போட்டதுகூட இப்படி வந்ததில்ல. அந்த நாலு வரிசை இனிமே உனக்குத்தான். வருஷா வருஷம் இதே மாதிரி போடு."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. சின்னவளுக்குத் தொட்டியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.