இருபது என்று எழுதிய வில்

வில் கடைக்காரர் மேல் தையல்காரிக்குப் பார்த்தவுடனே நம்பிக்கை வரவில்லை. சிரிக்கத் தெரியாத ஆள். நாணை இழுக்க முப்பத்தைந்து பவுண்டு பலம் கேட்கும், அதாவது முப்பத்தைந்து பவுண்டு இழுவை உள்ள மரவில் வேண்டும் என்று கேட்டால், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டச் சொல்லி மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் இருபது பவுண்டு வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆரம்பத்துக்கு இது போதும், பலத்துக்கு மீறி இழுத்தால் தோள் போய்விடும் என்றார். இன்னும் என்னவோ முணுமுணுத்தபடி வில்லைப் போட்டுக் கொடுத்த பைமேல் பென்சிலால் கிறுக்கினார். விற்காமல் கிடந்ததை என் தலையில் கட்டுகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஆனாலும் வாங்கிக்கொண்டாள். வலது தோளில் ஏற்கெனவே ஒரு பிடிப்பு உண்டு. தோள் போனால் கத்தரிக்கோல் போச்சு, அதோடு தையல் கடையும் போச்சு. வில்வித்தை பழக வேண்டும் என்ற பத்து வருஷ ஆசைக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

வீட்டுக்கு வந்ததும் வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இது இருபதாவது இருக்குமா, அதிலும் குறைத்துவிட்டானா? அம்பைக் கோத்து நாணை முகவாய் வரை இழுத்துப் பிடித்தாள். வில்லைத் தொடும் இடத்தில் புருஷன் அம்பில் சாக்பீஸ் கோடு போட்டான். ஊர்ப்பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, அதே அளவுக்கு இழுத்தார்கள். இருபத்தாறு பவுண்டு!

"கூடத்தானே குடுத்திருக்கான், விடேன்," என்றான் புருஷன்.

விடுவாளா? குறைத்தான் என்ற சந்தேகம் அப்படியே குப்புறப் புரண்டது. தோளைக் கெடுக்கவென்றே பொய் எழுதி விற்றிருக்கிறான், பாவி! மறுநாள் காலை தையல் கடையைப் பூட்டிவிட்டு, பையில் வில்லும் அம்பும் தராசுமாக வில் கடையில் போய் நின்றாள்.

கடைக்காரர் கோபப்படவில்லை. அம்பிலிருந்த கோட்டைப் பார்த்தார்.

"இது எத்தனை இஞ்சு?"

"முப்பத்தொண்ணு."

"வில்லுல எழுதியிருக்கறது இருபத்தெட்டு இஞ்சு இழுக்கறவங்களுக்குங்க. எல்லா வில்லுலயும் அப்படித்தான் எழுதுவாங்க. உங்க கை நீளம். ஒவ்வொரு இஞ்சுக்கும் ரெண்டு பவுண்டு ஏறும். நீங்க கேட்ட முப்பத்தஞ்சு உங்க கையில நாப்பதத் தாண்டியிருக்கும்."

அவள் தன் கைகளை நீட்டிப் பார்த்தாள். ரெடிமேட் சட்டையில் ஒரு நாளும் அவள் கை அடங்கியதில்லை. சட்டைக் கழுத்துப் பட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள், அது யாருடைய உடம்புக்கோ வெட்டியது என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிறவளும் அவள்தான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. நீங்க என் மூஞ்சியையே முறைச்சுட்டு இருந்தீங்க."

வில் வந்த பையைத் திருப்பிப் பார்த்தாள். பென்சில் கிறுக்கல் தெளிவாகத்தான் இருந்தது: கை 31, இழுவை 26.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் கடையில, அளவெடுத்தவர்கிட்டயே அளவு தப்புன்னு சண்டைக்கு வர்றவங்கள எனக்குக் கண்டாலே ஆகாதுங்க," என்றாள். "இன்னைக்கு நானே அப்படி வந்து நிக்கிறேன்."

கடைக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார்.